பிரபுவின் பேத்திக்குக் கட்டில் இல்லை

பிரேசர் டவுனில் பன்னிரண்டு கட்டில்கள் போட்ட ஒரு வீடு இருக்கிறது. எதிலும் ஆள் கிடையாது. ஆனாலும் வாரம் தவறாமல் பன்னிரண்டு விரிப்புகளும் சலவைக்குப் போகின்றன. யாரும் படுக்காத விரிப்பை டோபி கல்லில் அடித்துத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி மடிப்போடு கொண்டுவந்து கொடுக்கிறார். இதற்குப் பெயர் முதியோர் இல்லம். நடத்துவது பெங்களூர் ஸ்காட்டிய மூதாதையர் சபை.

சிக்மகளூர்ப் பக்கம் காபித் தோட்டம் வைத்திருந்த ஒரு ஸ்காட்லாந்துத் துரை, சாகும்போது இந்த வீட்டை எழுதி வைத்துவிட்டுப் போனார். ஸ்காட்டிய ரத்தத்தில் வந்து வயதான காலத்தில் நாதியற்றுப் போகிறவர்களுக்கு என்று உயிலில் ஒரே வரி. தோட்டத்துக் கூலி லைன் வீடுகளில் அவர் சாயலில் சில பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்ததால் அப்படி எழுதத் தோன்றியிருக்கலாம். சபைக்கு அந்த ஒரு வரி போதவில்லை. ரத்தம் என்று பொதுவாகச் சொன்னால் யார் யார் வருவார்கள்? பட்டாளத்தில் கக்கூஸ் குழி வெட்டியவனுடைய பேரன் வருவான். ரயில் என்ஜினில் கரி அள்ளிப் போட்டவனுடைய பேத்தி வருவாள். ஆகவே சபை கூடி ஒரு விளக்கம் தந்தது. துரை மனதில் நினைத்தது குறிப்பிடத்தக்க ரத்தம். மூதாதை பெயர் பெற்றவராக இருக்க வேண்டும். தளபதி, நீதிபதி, பாலம் கட்டியவர், மிகமிகக் குறைந்தபட்சம் கவர்னரோடு சீட்டாடியவர். இந்த விளக்கம் வந்த நாளிலிருந்து கட்டில்கள் காலியாக இருக்கின்றன.

ஃபிராங்க்ளினுக்கு இதெல்லாம் தெரியாது. ஹெப்பகோடியில் ஒரு குடோனில் லோடிங் வேலை. வீடு ஸ்ரீராம்புரத்தில், மூன்றாவது மாடியில் ஒற்றை அறை. அவனும் அம்மாவும்தான். அம்மாவின் பெயர் பெட்டி. பெட்டி ஆஸ்பத்திரியில் ஆயாவாக இருந்தவள். ஆயுள் முழுக்க மற்றவர்களைக் கட்டிலில் தூக்கிப் போட்டுத் தூக்கிப் போட்டு இடுப்பு தேய்ந்தவள். அந்த இடுப்பு பாத்ரூமில் வழுக்கி உடைந்தது. இதயம் தாங்காது, ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஃபிராங்க்ளின் வேலைக்குப் போகும்போது அவளைப் படுக்க வைத்து, பக்கத்தில் தண்ணீரும் பிஸ்கட்டும் வைத்து, கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போவான். கீழ்வீட்டு லட்சுமம்மா மதியம் ஒருமுறை ஏறி வந்து பார்ப்பாள்.

"உங்க மம்மி அப்பன் பேரு மெக்ஃபீ தானே? வெள்ளக்காரன் பேரு. ப்ரேசர் டவுன்ல அந்த ஜாதிக்கு ஒரு ஹோம் இருக்குதாம். போய்க் கேளுப்பா, சும்னே ஏன் இங்க கெடக்கணும்?" என்று சொன்னதும் லட்சுமம்மாதான்.

ஃபிராங்க்ளின் லீவு போட்டு, சட்டை இஸ்திரி போட்டுப் போனான்.

கூடத்தின் சுவர் முழுக்க மூதாதையர் படங்கள். எல்லாம் சிவாஜி நகரில் ஒரே ஓவியர் வரைந்தவை. ஒரே முகம்; மீசை மட்டும் ஆளுக்கு ஆள் மாறியிருந்தது. படங்களுக்குக் கீழே ஒரு நீள மேஜை. நடுவில் தலைவி குளோரியா மேடம். அவருடைய மூதாதை ஒரு தளபதியின் தங்கை புருஷன். பக்கத்தில் செயலாளர் ட்ரேவர், ஓய்வுபெற்ற பேங்க் மேனேஜர். மூதாதை சென்னையில் நீதிபதியாக இருந்து பலரைத் தூக்கில் போட்டவர். இந்தப் பக்கம் கோவிந்தப்பா. ரியல் எஸ்டேட்காரர். இவருக்கும் ஸ்காட்லாந்துக்கும் என்ன உறவு என்று யாருக்கும் தெரியாமல்தான் இருந்தது. சபைக்கு அவர் ஒரு இன்வெர்ட்டர் அன்பளிப்பாகக் கொடுத்தார். அதன் பேட்டரி முழுதாகச் சார்ஜ் ஏறுவதற்குள் அவருடைய வம்சத்தில் ஒரு ஸ்காட்டிய சர்வேயர் கண்டுபிடிக்கப்பட்டார்.

கண்டுபிடித்தவன் ஓரத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தான். ரித்விக் என்று பெயர். எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை போனபிறகு சபையின் வம்சாவளி ஆலோசகர் ஆனவன்.

"உக்காருப்பா. நாங்க கலரையெல்லாம் பாக்கறதே இல்ல" என்று குளோரியா மேடம் ஆரம்பித்தார். அதுவரை யாரும் கலரைப் பற்றிப் பேசவில்லை. "உன் மூதாதை யாரு?"

"மம்மியோட அப்பாவுக்கு தாத்தா, மேடம். ஸ்காட்லாந்துலேர்ந்து பட்டாளத்தோட வந்தவரு. குதிரைக்கு லாடம் அடிச்சாரு."

ட்ரேவர் பேனாவை மூடி வைத்தார்.

"யாரோட குதிரைக்கு?" என்று கேட்டார் ட்ரேவர்.

"எல்லா குதிரைக்கும் சார்."

"அதான் தப்பு. எல்லா குதிரைக்கும்னா எவனோட குதிரையும் இல்லன்னு அர்த்தம். ஒரு ஜெனரலோட குதிரைக்கு மட்டும் அடிச்சிருந்தா ஏதாவது யோசிக்கலாம்."

"ஜெனரலை ஒதைச்ச குதிரையா இருந்தாக்கூட சரி" என்றார் கோவிந்தப்பா, இரக்கத்தோடு.

ஃபிராங்க்ளின் யோசித்துப் பார்த்தான். அப்படி எதுவும் வீட்டில் சொல்லிக் கேட்டதில்லை.

"மம்மி எழுந்திருக்க முடியாம கிடக்கிறாங்க மேடம். முதுகுல புண்ணு வந்துச்சு. நான் ஷிப்டுக்குப் போனா பாத்துக்க ஆளு இல்ல. இங்க பன்னெண்டு கட்டிலும் காலியாத்தானே இருக்குது?"

குளோரியா மேடம் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். பேசப்போகிறார் என்று தெரிந்து ட்ரேவர் கைகளைக் கட்டிக்கொண்டார்.

"காலியா இருக்குன்னு சொல்லாதப்பா. காப்பாத்தி வெச்சிருக்கோம். யார் வேணா வந்து படுக்கலாம்னா அது தர்ம சத்திரம். இங்க கஷ்டப்படறவங்க வரலாம், ஆனா கஷ்டத்துக்கு ஒரு தகுதி வேணும். பெரிய இடத்துலேர்ந்து விழுந்தாத்தான் அது விழறது. கீழயே இருந்தவன் கீழ இருக்கறதுல என்ன சோகம் இருக்கு? அந்தப் பன்னெண்டு கட்டில்ல ஒருத்தரும் இல்லேன்னா அது எங்க ஸ்டாண்டர்டுக்கு சாட்சி. போன வருஷம் ஒரு ஸ்டேஷன் மாஸ்டரோட கொள்ளுப்பேத்தி வந்தா. அழுதா. எனக்கும் அழுகை வந்துச்சு. இருந்தாலும் ஸ்டாண்டர்டை விடல."

மற்ற இருவரும் மெதுவாக மேஜையைத் தட்டினார்கள். ஃபிராங்க்ளினும் மரியாதைக்கு ஒருமுறை தட்டிவிட்டு எழுந்து வந்தான்.

வாசலில் வாட்ச்மேன் முனிராஜ் கேட்டைத் திறந்துவிட்டான். "இன்னாண்ணா, கெடைக்கலியா? உள்ள போறவங்க எல்லாம் இதே மூஞ்சியோடதான் வராங்க. நான் ராத்திரி மழையில இந்த ஸ்டூல்ல குந்திக்கினு கீறேன். உள்ள பன்னெண்டு கட்டிலு."

அடுத்த வாரம் லட்சுமம்மா மகள் பிரசவத்துக்காக துமகூரு போனாள். அன்று பார்த்து குடோனில் இரண்டு லாரி சேர்ந்தாற்போல் வந்து நின்றது. ஃபிராங்க்ளின் வீடு திரும்பியபோது பெட்டி தரையில் கிடந்தாள். தண்ணீர் எடுக்கக் கை நீட்டியவள் கட்டிலிலிருந்து சரிந்திருந்தாள். காலையிலிருந்து அப்படியே கிடந்திருக்கிறாள். சேலை நனைந்து, காய்ந்து, மறுபடி நனைந்திருந்தது. பிஸ்கட்டுக்கு வந்த எறும்பு அவள் கையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

"சத்தம் போட வேண்டியதுதானே மம்மி?"

"போட்டேன்டா. மேல் மாடிக்காரன் டிவி சவுண்ட ஏத்தி வெச்சான்." அவளுக்குச் சிரிப்புகூட வந்தது. "தூக்குறதுக்கு முன்னாடி முழங்காலுக்கு அடியில கை குடு. வார்டுல புதுசா வர்ற பொண்ணுங்களுக்குச் சொல்லிக் குடுப்பேன். நீ மூட்டை தூக்கற மாதிரி தூக்கறே."

அவன் தூக்கினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. அதற்கு அடுத்த நாளும் போகவில்லை. இன்னொரு நாள் போகாவிட்டால் வரவே வேண்டாம் என்று சூப்பர்வைசர் போனில் சொன்னார்.

அந்தப் போன் வந்த நாளில்தான் சபையே அவர்கள் வீட்டுக்கு வந்தது.

ஸ்காட்லாந்திலிருக்கும் தலைமைச் சபை ஒரு அறிவிப்பு விட்டிருந்தது. வெளிநாட்டுச் சபைகளுக்கு இணைப்பு அந்தஸ்து தரப்படும். அதற்கு அந்தந்தச் சபையில் ஒரு பிரபு வம்சத்தின் வாரிசாவது உயிரோடு இருக்க வேண்டும். குளோரியா மேடம் உறுப்பினர் அனைவரையும் ரித்விக்கிடம் கொடுத்துச் சலிக்கச் சொன்னார். தளபதியின் தங்கை புருஷனுக்கு மேல் எதுவும் கிடைக்கவில்லை. வேறு வழியில்லாமல் ரித்விக், சபை நிராகரித்தவர்களைச் சலிக்க ஆரம்பித்தான். லாடம் அடித்த மெக்ஃபீயில் வந்து மாட்டியது.

மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு குளோரியா மேடம், ட்ரேவர், ரித்விக் மூவரும் அறைக்குள் நின்றார்கள். உட்கார ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் இருந்தது. யாரும் உட்காரவில்லை. பெட்டியின் முன்னால் உட்காரக்கூடாதாம்.

"லேடி பெட்டி" என்றார் குளோரியா மேடம், தலையைக் குனிந்து.

பெட்டி மகனைப் பார்த்தாள். "யாருடா இவங்க? எல்ஐசியா?"

ரித்விக் லேப்டாப்பைத் திறந்து விளக்கினான். "உங்க மூதாதை லாடக்காரர்தான். பட் அவரோட அம்மா, கிளென்டாரக் பிரபுவோட மாட்டுப் பண்ணையில பால் கறந்தவங்க. கல்யாணம் ஆகல. குழந்தை பொறந்த வாரத்துலயே பிரபு அவங்களை ஊரைவிட்டு அனுப்பிட்டார். பிரபு வீட்டு ஆவணத்துல அந்தக் குழந்தை பொறந்த இடம் குதிரை லாயம்னு தெளிவா இருக்கு. ஆகவே நீங்க பிரபுவோட நேரடி ரத்தம்."

"அதாவது அந்த ஆளு ஒரு வேலைக்காரப் பொண்ணைக் கெடுத்துட்டுத் தொரத்திட்டான்" என்றாள் பெட்டி.

"வரலாத்துல அதை நாங்க பிரபு தொடர்புன்னு சொல்லுவோம், லேடி" என்றார் ட்ரேவர்.

ஃபிராங்க்ளினுக்கு ஒன்று மட்டும் புரிந்தது. மூதாதை பெரிய ஆளாகிவிட்டார். அப்படியானால் கட்டில் உண்டு. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அப்ப மம்மிய எப்ப கூட்டிட்டு வரட்டும் சார்? ஆட்டோ வேணாம், ஆம்புலன்ஸ் சொல்றேன்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அதெப்படிப்பா முடியும்?" என்றார் ட்ரேவர். "உயில்ல நாதியற்றவங்களுக்குன்னு போட்டிருக்கு. ஒரு பிரபுவோட பேத்தி எப்படி நாதியத்துப் போவாங்க? அவங்களை தர்மக் கட்டில்ல படுக்க வெச்சா தலைமைச் சபை எங்களைக் காறித் துப்பும்."

"அன்னைக்கு லாடக்காரன்னு சொல்லி அனுப்பினீங்க."

"அன்னைக்குத் தகுதி கம்மி. இன்னைக்குத் தகுதி ஜாஸ்தி. நடுவுல எங்கயாவது இருந்திருந்தா எங்களுக்கும் வசதியா இருந்திருக்கும்."

குளோரியா மேடம் அறையைச் சுற்றிப் பார்த்தார். கொடியில் காயும் துணி, மூலையில் பெட்பேன், கயிற்றில் கட்டிய ஃபேன் ரெகுலேட்டர். அவர் கண் கலங்கியது. "எவ்வளவு எளிமை! பெரிய ரத்தம் இப்படித்தான் இருக்கும். ஒண்ணுமே வேணும்னு கேக்காது."

"கட்டில் கேட்டேனே" என்றான் ஃபிராங்க்ளின்.

அது யார் காதிலும் விழவில்லை. ஒரு கட்டம் போட்ட சால்வையைப் பெட்டிக்குப் போர்த்தினார்கள். ஸ்காட்லாந்தின் காவல் புனிதர் ஆண்ட்ரூவின் பண்டிகை வருகிறது, அந்த விருந்தில் லேடி பெட்டி தலைமைப் பீடத்தில் அமர வேண்டும், ஸ்காட்லாந்திலிருந்து வீடியோவில் பார்ப்பார்கள் என்று சொல்லிவிட்டு இறங்கினார்கள்.

"நான் போகல மம்மி. அவனுங்க மூஞ்சில முழிக்க மாட்டேன்" என்றான் ஃபிராங்க்ளின்.

பெட்டி சால்வையைத் தடவிப் பார்த்தாள். பாலியெஸ்டர். "போலாம்டா" என்றாள். "அந்தக் கட்டில ஒரு தடவ கண்ணால பாக்கணும்."

விருந்தன்று மதியம் ஆம்புலன்ஸ் சபை வாசலில் வந்து நின்றது. முனிராஜும் ஃபிராங்க்ளினும் பெட்டியை நாற்காலியோடு தூக்கி, மேஜையின் தலைமாட்டில் வைத்தார்கள். சுற்றிலும் தலையணை. எதிரே ஸ்டாண்டில் ஒரு போன். அதில் ஸ்காட்லாந்தின் தலைமைச் சபைச் செயலாளர் தெரிந்தார். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. அவர் டிரெஸ்ஸிங் கவுனோடு ரொட்டி தின்றுகொண்டு, நியமம் ஏதும் தவறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

கோவிந்தப்பா கட்டம் போட்ட பாவாடை கட்டியிருந்தார். அடியில் டிராக் பேண்ட். ஸ்காட்டியப் பைக்குழல் வாசிக்க ஆள் கிடைக்காததால் ரித்விக் யூடியூபில் போட்டான். நடுவில் ஒரு பற்பசை விளம்பரம் வந்தது. எல்லோரும் அதற்கும் விறைப்பாக நின்றார்கள். ஸ்காட்டிய முறைப்படி ஆட்டு வயிற்றுக்குள் குடலும் ஈரலும் அடைத்து அவித்த ஒரு பதார்த்தத்தைத் தட்டில் ஊர்வலமாகக் கொண்டுவந்தார்கள். குளோரியா மேடம் அதை வணங்கி, இது நம் மலைநாட்டுப் பெருமை என்றார்.

பெட்டி ஒரு வாய் வைத்தாள். "போட்டிக் கறி. உப்பு பத்தல" என்றாள்.

சாப்பாடு முடிந்தது. கை துடைத்தாயிற்று. யாரும் எழுந்திருக்கவில்லை. கோவிந்தப்பா ஏப்பத்தை அடக்கினார். குளோரியா மேடம் சர்க்கரை நோய்க்காரர். தண்ணீர் நிறையக் குடித்திருந்தார். அவர் ட்ரேவரைப் பார்த்தார். ட்ரேவர் பெட்டியைப் பார்த்தார்.

"லேடி பெட்டி, நீங்க எழுந்தா நாங்களும் எழலாம்" என்றார் ட்ரேவர் தணிந்த குரலில். "உயர்ந்த வம்சம் எழுந்திருக்கும்முன்னாடி மத்தவங்க மேஜையை விட்டு எழக்கூடாது. அது சபை நியமம். இத்தனை வருஷம் குளோரியா மேடம்தான் முதல்ல எழுவாங்க."

"எழுந்திருக்க முடிஞ்சா நான் ஏன்யா உங்ககிட்ட வரேன்?" என்றாள் பெட்டி.

மேஜையைச் சுற்றி ஒரு பயம் பரவியது. இதை யாரும் யோசித்திருக்கவில்லை. போனில் ஸ்காட்லாந்துக்காரர் ரொட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"எழுந்தது மாதிரி வெச்சுக்கலாமா?" என்றார் கோவிந்தப்பா.

"கேமரா ஓடுது" என்றான் ரித்விக்.

நேரம் போனது. குளோரியா மேடம் ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் போட்டார், எடுத்தார், மறுபடி போட்டார். ஃபிராங்க்ளின் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நேரம் உட்கார்ந்ததில் அவளுக்கு இடுப்பு வெட்டுகிறது என்று தெரிந்தது. நெற்றியெல்லாம் வியர்வை. ஆனால் அவள் வாயைத் திறக்கவில்லை.

"ஏதாவது பண்ணு, ட்ரேவர்!" குளோரியா மேடத்தின் குரல் கீச்சென்று வந்தது.

"என்னைத் தூக்கினா எழுந்த மாதிரிதான்" என்றாள் பெட்டி. "ஆனா தூக்கி திரும்ப சேர்ல வெச்சா உக்காந்த கணக்கு ஆயிடும். தூக்கினா எங்கயாவது படுக்க வெக்கணும். பக்கத்து ரூம்ல கட்டில் போட்டிருக்கீங்களே?"

"அது ஏழைங்களுக்கு" என்றார் ட்ரேவர்.

"அவங்க ஏழைதான் ட்ரேவர்!" என்று கத்தினார் குளோரியா மேடம். "வீட்டைப் பாத்தேல்ல? ஃபேன் ரெகுலேட்டர் கயித்துல தொங்குது! ரெண்டு நிமிஷம் ஏழையா இருக்கட்டும். அப்புறம் மறுபடி பிரபுவா ஆக்கிக்கலாம். தீர்மானம் போடு!"

ட்ரேவர் தீர்மானத்தைச் சொன்னார். எல்லாக் கையும் உயர்ந்தது. குளோரியா மேடத்தால் ஒரு கையை மட்டும்தான் தூக்க முடிந்தது; மறு கை அடிவயிற்றைப் பிடித்திருந்தது.

முனிராஜ் தோளைப் பிடித்தான். ஃபிராங்க்ளின் இந்த முறை முழங்காலுக்கு அடியில் கை கொடுத்தான். பக்கத்து அறையில், ஜன்னலோரக் கட்டிலில், கஞ்சி மொடமொடப்பு போகாத விரிப்பின்மேல் அவளை மெல்ல இறக்கினார்கள். விரிப்பு படபடவென்று சத்தம் போட்டது. கூடத்தில் நாற்காலிகள் பின்னால் தள்ளப்படும் ஓசையும், குறிப்பிடத்தக்க ரத்தம் நிறைந்த ஒரு கூட்டம் ஒரே கக்கூஸை நோக்கி ஓடும் ஓசையும் கேட்டன.

திரும்பி வந்தபோது குளோரியா மேடம் பழைய நிதானத்துக்கு வந்திருந்தார். போனில் ஸ்காட்லாந்துக்காரர் கை தட்டினார். நியமம் இத்தனை கறாராகக் காக்கப்பட்ட சபையைத் தான் கண்டதில்லை, இணைப்பு உறுதி, மூத்த பிரபு வம்சத்தாரைத் தொடர்ந்து இப்படியே போற்ற வேண்டும் என்று சொல்லி அணைந்தார்.

"ரொம்ப நல்லது" என்றார் குளோரியா மேடம், கட்டிலருகே வந்து. "ஃபிராங்க்ளின், ஆம்புலன்ஸைக் கூப்பிடுப்பா. லேடி பெட்டி, எழுந்திருக்கலாமா?"

பெட்டி கண்ணை மூடியிருந்தாள். மூடியபடியே கேட்டாள்: "என்னை எழுந்திருன்னு சொல்ற அளவுக்கு உங்கள்ல யாரு பெரிய ஆளு?"

குளோரியா மேடம் ட்ரேவரைப் பார்த்தார். ட்ரேவர் நியமங்களை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தார். நேர்மையான மனிதர், நியம விஷயத்தில் பொய் சொல்லத் தெரியாது. "தளபதியோட தங்கை புருஷன்... பத்தாது மேடம்" என்றார்.

அவர் கோவிந்தப்பாவின் சர்வேயரைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

பதினோரு கட்டில்கள் இன்னும் காலிதான். போன மாதம் ஆஞ்சலா என்று ஒரு கிழவி வந்தாள். அவள் மூதாதை சாலைக்குக் கல் உடைத்தவர். பெயர் பெற்ற சாலை எதற்காவது உடைத்தாரா என்று கேட்டார்கள். அவளுக்குத் தெரியவில்லை. அனுப்பிவிட்டார்கள். ஏன் என்று பெட்டி கேட்டதற்கு, உங்க அளவுக்கு எல்லாரையும் கொண்டுவர முடியுமா லேடி என்றார் ட்ரேவர். அன்று பெட்டி இரவுச் சாப்பாட்டைத் திருப்பி அனுப்பிவிட்டாள்.

குளோரியா மேடத்துக்கு மூதாதையாக ஒரு அரசனைத் தேடிக் கண்டுபிடிக்கும் வேலை ரித்விக்கிடம் கொடுக்கப்பட்டிருக்கிறது. முழுநேர வேலை. எழுநூறு வருஷம் பின்னால் போய்விட்டான்; இதுவரை கிடைத்தவர்கள் எல்லாம் ஆடு மேய்த்தவர்கள்.

ஷிப்டு முடிந்ததும் ஃபிராங்க்ளின் ஹெப்பகோடியிலிருந்து நேராக இங்கே வந்துவிடுகிறான்.

"ராஜா கெடைச்சானாடா?" என்று கேட்பாள் பெட்டி.

"இல்ல மம்மி. இன்னும் ஆடுதான்."

"சரி. அந்தப் போர்வைய கொஞ்சம் மேல இழுத்து விடு."